உதவித்தொகை ஒரு மாதமும் நிற்காமலிருக்க

அத்தியாயம் 7

மாதா மாதம் வரும் உதவித்தொகையை மட்டும் வைத்து ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டை நடத்திவிட முடியாது. ஆனால் சம்பாதிக்கும் ஆளின் வேலை ஆட்டம் காணும்போது, வீட்டுக்குள் வரும் ஒரே நிச்சயமான பணம் பல நேரம் அதுதான். 2020 ஊரடங்கில் அன்றாடக் கூலி ஒரே நாளில் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி அடி வாங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் உதவித்தொகையும் சேர்ந்து நின்றால் மருந்தும் அரிசியும் கடனுக்குத்தான் வரும்.

தொகையை உயர்த்துவது அரசின் கையில் இருக்கிறது. வருகிற தொகை அறுபடாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த அத்தியாயம் அதற்காகவே, தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி எழுதப்பட்டது. பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே படியுங்கள்.

## 1. உங்களுக்கு வருவது எந்தப் பணம்?

"ஓஏபி பணம்", "ஊனமுற்றோர் பணம்", "பென்ஷன்" என்று ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் பணம் இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து வருகிறது. எந்தத் துறை என்று தெரியாமல் அலைந்தால் நாள்தான் வீணாகும்.

வருவாய்த் துறை ஓய்வூதியம். 18 வயது நிறைந்த, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்களுக்கானது. 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.1,000 என்பது ரூ.1,500 ஆனது. இதற்குப் பொறுப்பு தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் ரூ.2,000. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். மற்றவர்கள் கடும் பாதிப்பு என்ற பிரிவில், 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெறலாம். இதற்குப் பொறுப்பு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். இப்போது செய்ய வேண்டியவை:

1. பாஸ்புக்கை எடுத்துக் கடைசியாக வந்த மூன்று வரவுகளைப் பாருங்கள். தொகை, தேதி, பக்கத்தில் அச்சாகியிருக்கும் குறிப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.
2. குறிப்பு புரியவில்லை என்றால் வங்கியில் காட்டி, எந்தத் துறை அனுப்பிய பணம் என்று கேளுங்கள்.
3. அனுமதி ஆணையின் எண்ணை அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆணை தொலைந்திருந்தால் நகல் கேட்டு அந்தந்த அலுவலகத்தில் மனு கொடுங்கள்.
4. ரூ.1,500 பெறும் நீங்கள் ரூ.2,000 திட்டத்துக்குத் தகுதி உள்ளவரா என்று சரிபாருங்கள். தகுதி இருந்தால் மாவட்ட நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

குறிப்பு: பராமரிப்பு உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம். புதிய ஆணை கையில் வரும் முன்பே பழைய ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புதியது வந்த பிறகு இரண்டையும் வாங்கிக்கொண்டும் இருக்காதீர்கள். பின்னாளில் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

### தொகை உயரும் என்று கணக்குப் போடாதீர்கள்

80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் ஓய்வூதியத்தில் மத்திய அரசு மாதம் ரூ.300 தருகிறது. 2012இல் ரூ.200லிருந்து ரூ.300 ஆன அந்தப் பங்கு பிறகு பல ஆண்டுகள் அசையவே இல்லை. மீதியை மாநில அரசுதான் போட்டு வந்தது. அரசு ஊழியருக்கு உள்ள அகவிலைப்படி போல விலைவாசியோடு தானாக உயரும் ஏற்பாடு இந்தத் தொகைக்குக் கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய ரூ.1,500 ஐந்து ஆண்டு கழித்து இன்றைய ரூ.1,175க்கு உள்ள பொருளைத்தான் வாங்கும். குடும்பக் கணக்கைப் போடும்போது கையில் வரும் தொகையை மட்டும் வைத்துப் போடுங்கள். அறிவிப்பு வந்தால் அது உபரி.

உரிமை எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 24, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023இல் முதியோர் ஓய்வூதியம் ரூ.1,200 ஆனது, அதில் 25 சதவீதம் கூட்டினால் ரூ.1,500. நீங்கள் வாங்குவது சட்டம் சொல்லும் பங்கு. அலுவலகத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

## 2. காகிதங்களை ஒரே சொல்லாகப் பேச வைத்தல்

பணம் நிற்பதற்கு ஊர்தோறும் காணும் காரணம், ஒரு காகிதத்தில் இருப்பது இன்னொன்றில் இல்லாததுதான். நம் பெயர்களில் இன்ஷியல் முன்னே வரும், பின்னே வரும், விரிந்து தகப்பன் பெயராகவும் நிற்கும். ஆதாரில் "செல்வி முருகன்", பாஸ்புக்கில் "மு. செல்வி", அடையாள அட்டையில் "செல்வி" என்றிருந்தால் கணினிக்கு அது மூன்று பேர்.

1. ஆதார், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி), பாஸ்புக், ரேஷன் அட்டை நான்கையும் மேசையில் பரப்புங்கள்.
2. பெயர், பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண் நான்கையும் ஒவ்வொன்றிலும் ஒப்பிட்டு, மாறுபாடு உள்ள இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள்.
3. ஆதாரை முதலில் திருத்துங்கள். மற்றவை அதைப் பார்த்தே திருத்தப்படும். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.
4. அடுத்து வங்கிக் கணக்கு, அதன் பிறகு அடையாள அட்டை, கடைசியாக ரேஷன் அட்டை.
5. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு ஓடிபி அவருக்குத்தான் போகும்.

தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு: பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். இ-சேவை மையத்திலோ மாவட்ட நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். அட்டையில் உள்ள நிறம் பாதிப்பின் அளவைச் சொல்லும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

அட்டை எப்போதும் நடப்பில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் தமிழ்நாடு அரசு ரூ.1,000 கொரோனா நிவாரணம் கொடுத்தபோது, மாதாந்திர உதவித்தொகை பெறாதவர்களுக்கும் அடையாள அட்டையைக் காட்டியே அந்தப் பணம் கிடைத்தது. நெருக்கடி நேரத்தில் அரசு முதலில் தேடுவது கையில் இருக்கும் பட்டியலைத்தான்.

தவறு நேரும் இடம்: சில சான்றிதழ்கள் நிரந்தரமானவை, சில தற்காலிகமானவை. தற்காலிகச் சான்றில் முடியும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே மறுபரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவக் குழுவின் தேதி கிடைக்கவே சில மாதம் ஆகலாம். சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாக நினைத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 59இன்படி மேல்முறையீடு செய்யலாம். பழைய மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் அதற்காகவே பத்திரமாக வையுங்கள்.

## 3. வங்கிக் கணக்கைச் சரியாக வைத்தல்

1. எந்த வங்கிக்கு ஆதார் வழியாகப் பணம் போகிறது என்று பாருங்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு. அரசுப் பணம் போய்ச் சேரும் வங்கியாக அது என்பிசிஐ (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பதிவேட்டில் இருப்பது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பதிவேட்டில் இருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும்.
2. புதிய கணக்கு தொடங்கும்போது நிதானமாக இருங்கள். விண்ணப்பத்தில் "அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். கேட்காமலே அதில் டிக் அடித்துவிடுவார்கள். உதவித்தொகை பழைய கணக்கிலேயே வர வேண்டுமானால் அதை அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.
3. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் வந்தால் அந்த வாரமே நேரில் போங்கள். விட்டால் கணக்கு முடங்கும். நடக்க முடியாதவராக இருந்தால் வீட்டுக்கு வந்து செய்யும் வசதியைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.
4. அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கு அது. மாதம் நான்கு முறை கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம். சாதாரணக் கணக்கில் இருப்பு குறைந்ததற்கான அபராதம் உங்கள் ரூ.1,500லிருந்துதான் போகும்.
5. வாரிசு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள். பாஸ்புக்கில் அது பதிவானதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்சரிக்கை: வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிப் பணம் தரும் வங்கித் தொடர்பாளருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கான கட்டணத்தை வங்கி கொடுக்கிறது. ஒவ்வொரு முறை விரல் வைத்ததும் ரசீது கேளுங்கள். "பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால் முதல் முறை பணம் கழிந்ததா என்று கைப்பேசிக் குறுஞ்செய்தியில் பார்த்துவிட்டு வையுங்கள்.

## 4. ஆண்டு நாட்காட்டி

இதைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

- ஒவ்வொரு மாதமும்: பணம் வந்த தேதியை நோட்டில் குறியுங்கள். வழக்கமான தேதி கடந்து பத்து நாள் ஆனால் அடுத்த பிரிவில் உள்ள படிகளைத் தொடங்குங்கள்.
- ஏப்ரல்: நிரமயா காப்பீடு (பிரிவு 7இல் விவரம்) இருந்தால் புதுப்பியுங்கள்.
- மே, ஜூன்: தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும் காலம். உங்கள் கிராமத்துக்கான நாளை வி.ஏ.ஓ.விடம் கேட்டு வையுங்கள். ஓய்வூதிய மனுக்களை அங்கே நேரில் கொடுக்கலாம்.
- மே மாதக் கடைசி: பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் அதற்கான ரூ.20 கணக்கிலிருந்து எடுக்கப்படும். 18 முதல் 70 வயது வரை சேரலாம், ரூ.2 லட்சம் பாதுகாப்பு. அந்த நேரத்தில் கணக்கைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள்.
- வாழ்நாள் சான்று: ஆண்டுக்கு ஒரு முறை கேட்கப்படும். எந்த மாதம் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டு, ஒரு மாதம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள்.
- வீடு மாறும்போது: வேறு தாலுகாவுக்கோ மாவட்டத்துக்கோ போனால், போகும் முன்பே பழைய அலுவலகத்தில் மாற்றல் மனு கொடுங்கள். திருமணமாகிப் போகும் பெண்களுக்குப் பணம் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## 5. நின்றுபோனால்: வரிசை மாறாமல் ஏழு படிகள்

பணம் வரவில்லை என்றதும் நேராகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகத் தோன்றும். ஆனால் காரணம் தெரியாத மனு, கீழே உள்ள அலுவலகத்துக்கே திரும்பி வரும். இந்த வரிசையில் போங்கள்.

1. பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அதே திட்டத்தில் உள்ள இன்னும் இருவருக்கு வந்ததா? யாருக்கும் வரவில்லை என்றால் அது பொதுவான தாமதம். ஒரு வாரம் பொறுக்கலாம்.
2. வங்கிக்குப் போங்கள். மூன்று கேள்விகள்: கணக்கு இயங்குகிறதா? ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது? அரசு அனுப்பிய பணம் ஏதாவது திரும்பிப் போயிருக்கிறதா?
3. உரிய அலுவலகத்துக்குப் போங்கள். ஓய்வூதியம் என்றால் தனி வட்டாட்சியர். பராமரிப்புத் தொகை என்றால் மாவட்ட நல அலுவலகம். "நிறுத்தம்" என்று பதிவாகியிருந்தால் அதற்கான காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவர், ஊரில் இல்லாதவர், தகுதியற்றவர் என்று தவறாகப் பதிவாவது உண்டு.
4. எழுத்தில் மனு கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.
5. 15 நாளில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனு ரசீது எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணை அழைக்கலாம்.
6. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி, "எனது ஓய்வூதியம் எந்தத் தேதியில், எந்த ஆணைப்படி, என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது?" என்று கேளுங்கள். கட்டணம் ரூ.10, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.
7. இலவச சட்ட உதவி கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் உதவியை இலவசமாகத் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100. சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் புகார் செய்யலாம்.

### மனு மாதிரி

> பெறுநர்: தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம், ________ வட்டம்.
>
> பொருள்: மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் நின்றது, மீண்டும் வழங்கக் கோருதல்.
>
> ஐயா/அம்மா,
>
> நான் ________ கிராமத்தில் வசிக்கிறேன். எனக்கு ____ சதவீத மாற்றுத்திறன் உள்ளது. ஆணை எண் ________இன்படி ஓய்வூதியம் பெற்று வந்தேன். கடைசியாக ________ மாதம் பணம் வந்தது. அதன்பின் வரவில்லை. வங்கியில் விசாரித்தேன், கணக்கு இயங்குகிறது. நிறுத்தத்துக்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்து, விடுபட்ட மாதங்களுக்கான தொகையையும் சேர்த்து வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: ஆதார், தனித்துவ அடையாள அட்டை, பாஸ்புக் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், ஆணை ஆகியவற்றின் ஜெராக்ஸ்.

"விடுபட்ட மாதங்களுக்கான தொகை" என்ற வரியை விடாதீர்கள். கேட்காவிட்டால் புதிய மாதத்திலிருந்து மட்டும் தொடங்கிவிடுவார்கள். மூலச் சான்றுகளை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

குறிப்பு: தனியாக அலைவதைவிட ஒரு சங்கத்தோடு சேர்ந்து கேட்பது பலன் தரும். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் பல மாவட்டங்களில் இயங்குகிறது. ஒரே தாலுகாவில் இருபது பேருக்கு நின்றிருந்தால், இருபது மனுவும் ஒரே நாளில் போகட்டும்.

## 6. ஒரு மாதக் கையிருப்பு

மேலே சொன்ன ஏழு படிகளும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அந்த மாதங்களைக் கடன் வாங்காமல் கடக்க ஒரு கையிருப்பு வேண்டும். குறைந்த வருமானத்தில் சேமிப்பு எப்படி என்று கேட்பீர்கள். பெரிய தொகை வேண்டாம். ஒரு மாத உதவித்தொகை அளவே முதல் இலக்கு.

1. முதலில் நிறுத்த முடியாத செலவுகளை மட்டும் எழுதுங்கள்: மருந்து, டயபர் அல்லது கதீட்டர், சிகிச்சைக்குப் போய்வரும் செலவு, மின்கட்டணம்.
2. பணம் வந்த நாளிலேயே அதில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுங்கள். ரூ.1,500இல் ரூ.150. பன்னிரண்டு மாதத்தில் ரூ.1,800, ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டிவிடும். முடியாத மாதத்தில் ரூ.50 போதும், பழக்கம் விடக்கூடாது.
3. அதைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். தொடங்க ரூ.500 வேண்டும். தபால் நிலையத் தொடர்வைப்பு நல்ல திட்டம்தான், ஆனால் ஐந்தாண்டுக் காலம் கொண்டது; அவசரத்துக்கு எடுக்கச் சரிப்படாது.
4. மருந்தை முடியும் நாளில் வாங்காமல், எப்போதும் பத்து நாளைக்கு உபரி இருக்கும்படி வாங்குங்கள். வலிப்பு மாத்திரை ஒரு நாள் தவறினாலும் ஆபத்து. பணமில்லை என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைப் பாதியாகக் குறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அதே மருந்து இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

## 7. கையிலிருந்து போகும் பணத்தைக் குறைக்கும் உரிமைகள்

உதவித்தொகை உயராத காலத்தில், செலவு குறைவதும் வரவுதான். இவற்றில் எவை உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று பாருங்கள்.

- அரிசி: அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. உங்கள் அட்டை வேறு வகையாக இருந்தால், மாற்றுத்திறனாளி குடும்பம் என்ற அடிப்படையில் வகை மாற்றம் கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.
- மருத்துவம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளியின் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.
- நிரமயா: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளை வழங்கும் காப்பீடு. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை. மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் தெரபிச் செலவுக்கும் இதில் இடமுண்டு என்பதே இதன் சிறப்பு. பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.
- பயணம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர் அரசுப் பேருந்தில் நான்கில் ஒரு பங்கு கட்டணம். ரயிலில் பார்வை, செவி, கை கால், அறிவுசார் பாதிப்புகளுக்குச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றை முன்பே வாங்கி வையுங்கள்.
- கருவிகள்: சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் ஆகியவற்றை நலத்துறை இலவசமாக வழங்குகிறது. கடனில் வாங்கும் முன் அங்கே விண்ணப்பியுங்கள்.
- தெரபி: பல ஊர்களில் "விழுதுகள்" ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

## 8. கூடுதல் வருமானம் தேடும்போது

வேலைக்குப் போனால் உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம் பலரை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்.

1. தொழிலோ வேலையோ தொடங்கும் முன், "எனக்கு இந்த வருமானம் வந்தால் திட்டத் தகுதி மாறுமா?" என்று உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.
2. வருமானத்தை மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு, அடுத்து விண்ணப்பிப்பதும் சிக்கலாகும்.
3. படித்தவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, அந்தப் பதிவை நடப்பில் வையுங்கள். ஓராண்டு காத்திருந்த மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியைப் பொறுத்து மாதம் ரூ.600 முதல் ரூ.1,000 வரை உதவித்தொகை உண்டு. ஏற்கெனவே பெறும் தொகையோடு சேர்த்துப் பெற முடியுமா என்று கேட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.
4. சுயதொழிலுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு: சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம்.
5. சிறிதாகத் தொடங்குங்கள். பொருளாதாரம் தள்ளாடும் நேரத்தில் கடை வாடகையும் கடன் தவணையும் சேர்ந்தால் கழுத்தை நெரிக்கும். வீட்டு முன்னறையில் ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, லாபம் நிலைத்த பிறகு கடனுக்குப் போங்கள்.

## 9. பாதுகாப்பு: செய்யக் கூடாதவை

1. ஏடிஎம் அட்டையையோ பாஸ்புக்கையோ வட்டிக்காரரிடம் அடகு வைக்காதீர்கள். உங்கள் உதவித்தொகை மாதந்தோறும் அவர் கைக்குப் போய்விடும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்திலும் ஆட்சியரிடமும் புகார் கொடுங்கள்.
2. அவசரத்துக்குக் கடன் வேண்டுமானால், கூட்டுறவு வங்கி நகைக்கடன், மகளிர் சுயஉதவிக் குழு என்ற வரிசையில் பாருங்கள். கைப்பேசிக் கடன் செயலிகளின் பக்கம் போகாதீர்கள்.
3. "உங்கள் பென்ஷன் ரத்தாகிவிட்டது, ஓடிபி சொன்னால் சரிசெய்கிறோம்" என்று வரும் அழைப்பு மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.
4. விண்ணப்பத்துக்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இ-சேவை மையத்தில் ரசீதில் உள்ள கட்டணம் மட்டுமே கொடுங்கள்.
5. பதிவு பெறாத சீட்டில் கையிருப்பைப் போடாதீர்கள். சீட்டு பிடிப்பவர் தெரிந்தவர் என்பது பாதுகாப்பு ஆகாது.

## 10. பராமரிப்பவருக்குப் பிறகும் பணம் தொடர

அறிவுசார் குறைபாடுள்ள மகனின் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டுமே தெரியும் வீடுகள் ஏராளம். அம்மா மருத்துவமனையில் படுத்தால் அந்த மாதமே எல்லாம் நின்றுபோகும்.

1. ஒரு நோட்டில் ஆணை எண், கணக்கு எண், அடையாள அட்டை எண், மருந்துப் பட்டியல், மருத்துவர் பெயர், வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.
2. அந்த நோட்டு இருக்கும் இடத்தைக் குடும்பத்தில் இன்னொரு நம்பகமான ஆளிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவரையும் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள்.
3. மகன் அல்லது மகளுக்கு 18 வயது ஆனதும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். நிரமயாவில் சொன்ன அதே நான்கு வகையினருக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு இதை வழங்குகிறது. வங்கிக் கணக்கை நடத்த இந்தச் சான்று உதவும்.
4. அதிக உதவி தேவைப்படுபவரைக் கவனிக்கும் பராமரிப்பாளருக்குக் கூடுதலாக மாதம் ரூ.1,000 வழங்கும் திட்டம் பற்றி மாவட்ட நல அலுவலகத்தில் கேளுங்கள்.

## இந்த வாரம் முடிக்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த ஐந்தை மட்டும் இந்த வாரம் முடியுங்கள்:

- பாஸ்புக்கில் பதிவு போட்டு, கடைசி மூன்று வரவுகளை நோட்டில் எழுதுதல்.
- நான்கு ஆவணங்களில் பெயரை ஒப்பிடுதல்.
- ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று கேட்டு அறிதல்.
- சான்றிதழ் முடியும் தேதியையும் வாழ்நாள் சான்று மாதத்தையும் நாட்காட்டியில் குறித்தல்.
- கையிருப்புக்கு முதல் ரூ.50 எடுத்து வைத்தல்.

மற்றவற்றுக்கு மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவதற்குள் உங்கள் கோப்பு முழுமையாகிவிடும். பிறகு வேலையோ விலைவாசியோ எப்படி மாறினாலும், இந்தப் பணத்துக்காக நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டிவராது. கையில் உள்ள ரசீதைக் காட்டிக் கேட்கலாம்.